ஒற்றனைப் படைத்த இயான் பிளெமிங்

ஒற்றாடல் என்னும் தலைப்பில் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். பிறர் ஐயுறாத தோற்றம் உடையவனே சிறந்த ஒற்றன். அரசன் அவனுக்குச் செய்யும் சிறப்பும் பிறர் அறியாதவாறு செய்யப்படுதல் வேண்டும் என்பது அவர் கண்ட முறை. நாடாளும் அரசுகள் இந்நாள் வரையில் ஏறக்குறைய அம்முறையையே போற்றி வருகின்றன. ஆனால் அந்த இலக்கணத்திற்கு முற்றும் மாறான ஓர் ஒற்றனை உலகம் அறியும். அவன் போகும் இடமெல்லாம் தன் பெயரைத் தானே அறிவித்துக் கொள்வான். விலையுயர்ந்த உடை உடுத்துவான். எல்லோரும் திரும்பிப் பார்க்கும் காரில் செல்வான். திரைப்படக் கொட்டகை உள்ள ஊர்களில் அவனை அறியாத ஊர் அரிது. ஜேம்ஸ் பாண்ட் என்பது அவன் பெயர்.

1962 முதல் 2021 வரை ஒரே நிறுவனத்தார் அவனைத் தலைவனாக வைத்து 25 படங்கள் எடுத்தனர். நடிகர் அறுவர் அவ்வேடம் தாங்கினர். அந்த 59 ஆண்டுகளில் உலகம் எத்தனையோ மாற்றங்களைக் கண்டது. குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்றன. சோவியத் ஒன்றியம் கலைந்தது. ஒற்றர்கள் தேடியலைந்த செய்திகள் கணிப்பொறிக்குள் குடிபுகுந்தன. இத்தனைக்கும் ஈடுகொடுத்து அந்த ஒற்றன் எவ்வாறு நிலைத்தான்? விடை காண வேண்டுமானால் அவனைப் படைத்தவரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்க வேண்டும். காலத்திற்கேற்ப அவனை மாற்றும் பணியை முதலில் மேற்கொண்டவர் அவரே. அந்தப் பணியைத் தம் வாழ்வில் செய்ய இயலாமற் போனவரும் அவரே.

இளமை

இயான் லங்காஸ்டர் பிளெமிங் 1908ஆம் ஆண்டு மே திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். பாட்டனார் ராபர்ட் பிளெமிங், ஸ்காட்லாந்து நாட்டு டண்டீ நகரில் எளிய குடியில் தோன்றிப் பெரும்பொருள் ஈட்டியவர். தந்தையார் வாலன்டைன் பிளெமிங் பாராளுமன்ற உறுப்பினர். முதல் உலகப் போரில் படை அலுவலராகச் சென்ற அவர் 1917 மே 20இல் பிரான்சு நாட்டுப் போர்முனையில் மாண்டார். அப்போது இயானுக்கு ஒன்பது வயது நிறைய இன்னும் எட்டு நாட்களே இருந்தன. தந்தையாரின் நண்பரான வின்ஸ்டன் சர்ச்சில், இலண்டன் டைம்ஸ் இதழில் அவருக்கு இரங்கலுரை எழுதினார். நாட்டுக்காக உயிர் கொடுத்த தந்தை என்னும் உருவம் இயான் உள்ளத்தில் இளமையிலேயே பதிந்துவிட்டது.

உடன்பிறந்த ஆண்மக்கள் நால்வரில் இயான் இரண்டாமவர். மூத்தவர் பீட்டர் படிப்பில் சிறந்தவர். இளமையிலேயே பயண நூல் எழுதிப் புகழ் பெற்றவர். அண்ணனின் புகழ் நிழலில் வளர்ந்த தம்பிக்கோ தொட்டது எதுவும் துலங்கவில்லை. ஈட்டன் பள்ளியில் விளையாட்டுப் போட்டிகளில் முதல்வராக விளங்கினார். படிப்பில் அவ்வாறு விளங்கவில்லை. சாண்டர்ஸ்ட் படைப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார்; படையில் பதவி ஏதும் ஏற்காமலே 1927இல் வெளியேறினார். ஆஸ்திரியா நாட்டின் மலையூர் ஒன்றிலும், பின்னர் மியூனிக், ஜெனீவா நகரங்களிலும் தங்கி மொழிகள் பயின்றார். வெளியுறவுத் துறைத் தேர்வு எழுதினார், இடம் கிடைக்கவில்லை.

1931இல் ராய்ட்டர் செய்தி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. 1933இல் மாஸ்கோ நகரில் பிரிட்டிஷ் பொறியாளர் சிலர் மீது ஒற்று வேலை பார்த்ததாகவும் நாசவேலை செய்ததாகவும் வழக்கு நடந்தது. அவ்வழக்கின் செய்திகளை அனுப்பும் பொறுப்பு இளைஞர் பிளெமிங்கிடம் வந்தது. அங்கிருந்தபடியே ஸ்டாலினைப் பேட்டி காண விரும்பி எழுதினார். இயலாமைக்கு வருந்தி ஸ்டாலின் கையொப்பமிட்ட மறுமொழி ஒன்று அவருக்கு வந்தது. விரைந்து எழுதுவதும், கண்ணில் பட்ட சிறு பொருளையும் பெயர் சுட்டிக் குறிப்பதும் அவருக்குக் கைவந்த இடம் ராய்ட்டர் அலுவலகமே. ஆயினும் அங்குக் கிடைத்த ஊதியம் அவர் பழகிய வாழ்க்கைக்குப் போதவில்லை. வங்கித் தொழிலுக்குச் சென்றார். பின் பங்குத் தரகராக அமர்ந்தார். இரண்டிலும் மனம் பற்றவில்லை. முப்பது வயது கடந்த பின்னும், இன்ன துறைக்கு உரியவர் என்று எவரும் சொல்ல முடியாத நிலையிலேயே அவர் இருந்தார். தேர்வு முடிவு நாளில் உலகமே முடிந்துவிட்டதாகக் கலங்கும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்.

போர்க்காலம்

1939இல் போர்மேகம் சூழ்ந்தபோது, பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறைத் தலைவராக இருந்த அட்மிரல் ஜான் காட்பிரே தமக்கு ஓர் உதவியாளரைத் தேடினார். பிளெமிங்கைத் தேர்ந்தெடுத்தார். அது முதல் போர் முடியும் வரை, இலண்டனில் கடற்படைத் தலைமையகத்தின் 39ஆம் எண் அறையே பிளெமிங்கின் உலகமாயிற்று. கமாண்டர் என்னும் பதவிப் பெயரும் வந்தது. பிற்காலத்தில் அதே பதவிப் பெயரைப் பாண்டுக்கும் சூட்டினார்.

அவர் பகைவர் நாட்டில் ஒளிந்து திரிந்தவர் அல்லர். மேசைமுன் அமர்ந்து திட்டம் தீட்டியவர். 1939 செப்டம்பரில் காட்பிரேயின் பெயரால் ஒரு குறிப்பு சுற்றுக்கு விடப்பட்டது. பகைவரை ஏமாற்றும் வழிகள் பல அதில் வரிசையிட்டுக் காட்டப்பட்டிருந்தன. அதன் பெரும்பகுதி பிளெமிங் எழுதியதே என்பர். பொய்ச் செய்திகள் அடங்கிய தாள்களோடு ஒரு பிணத்தைப் பகைவர் கையில் சிக்கச் செய்யலாம் என்பது அவ்வழிகளுள் ஒன்று. பழைய துப்பறியும் நாவல் ஒன்றிலிருந்து எடுத்த கருத்து அது. 1943இல் வேறு அலுவலர் இருவர் அக்கருத்தையே வளர்த்துச் செயலாக்கினர். ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் ஒதுங்கிய அந்தப் பிணம், சிசிலித் தீவின்மீது நடக்கவிருந்த படையெடுப்பைப் பற்றி ஜெர்மானியரை ஏமாற்றியது. ஒரு கதை வரலாற்றையே அசைக்கவல்லது என்பதைப் பிளெமிங் அலுவலகத்தில் இருந்தபடியே கண்டார். பகைவரின் குறியீட்டு நூல்களையும் ஆவணங்களையும் கைப்பற்றுவதற்கென்று 1942இல் தனிப்படை ஒன்று அமைக்கப்பட்டது. அதனை அமைப்பதிலும் ஏவுவதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இவ்வரலாற்றில் நம் நாட்டோடு தொடர்புடைய செய்திகள் இரண்டு உண்டு. அண்ணன் பீட்டர் 1942 முதல் டில்லியில் இருந்துகொண்டு, ஜப்பானியரை ஏமாற்றும் போர்த் தந்திரப் பிரிவை நடத்தினார். அதனினும் பெரிய செய்தி காட்பிரேயைப் பற்றியது. கதைகளில் பாண்டுக்கு ஆணையிடும் தலைவர் எம் என்னும் எழுத்தால் குறிக்கப்படுவார். அவருக்கு முன்மாதிரி காட்பிரேயே என்று பெரும்பாலோர் கருதுவர். அந்தக் காட்பிரே 1943இல் இந்தியக் கடற்படையின் தலைவராக நம் நாட்டிற்கு வந்தார். 1946 பிப்ரவரியில் பம்பாயில் தல்வார் பயிற்சித் தளத்து மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். சில நாட்களில் 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் அக்கிளர்ச்சி பரவியது. கடற்படையே அழிந்து போவதாயினும் அடக்கியே தீர்வோம் என்ற பொருள்பட வானொலியில் எச்சரித்தவர் காட்பிரேயே. வல்லபாய் பட்டேல் போன்ற தலைவர்களின் அறிவுரையால் மாலுமிகள் பணிந்தனர். ஆயினும் இந்திய வீரரின் பணிவை நம்பி இனி இந்நாட்டை ஆள முடியாது என்பது வெள்ளையருக்கு அன்றே விளங்கிவிட்டது. ஒன்றரை ஆண்டில் இந்தியா விடுதலை பெற்றது. கதையில் வரும் எம் தம் மேசையை விட்டு எழாமலே உலகின் மூலை முடுக்கெல்லாம் ஆணை செலுத்துவார். உண்மை எம்மின் ஆணையோ பம்பாய்த் துறைமுகத்திலேயே செல்லாமற் போயிற்று. பாண்டின் கதைகள் எந்தக் காலத்தில் எழுந்தன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

கதை பிறந்தது

போர்க்காலத்தில் அலுவலாக ஜமைக்காத் தீவுக்குச் சென்ற பிளெமிங்குக்கு அத்தீவின்மேல் தீராக் காதல் பிறந்தது. 1946இல் வடகரையில் ஒரகபெசா என்னும் சிற்றூருக்கு அருகே நிலம் வாங்கி எளிய வீடு ஒன்று கட்டினார். அதற்குக் கோல்டன் ஐ என்று பெயரிட்டார். இலண்டனில் செய்தித்தாள் குழுமம் ஒன்றில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் மேலாளராகப் பணி. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நீண்ட விடுமுறை உண்டு. அவ்விடுமுறை முழுவதும் ஜமைக்காவிலேயே கழியும்.

1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வீட்டில் தட்டச்சுப் பொறியின்முன் அமர்ந்தார். ஆன் என்னும் மாதரை மணப்பதற்குச் சில வாரங்களே இருந்தன. திருமணத்தை எண்ணி எழுந்த கலக்கத்தை மறக்கவே எழுதத் தொடங்கியதாகப் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. காலையில் மூன்று மணி நேரம் எழுதுவார். எழுதியதைத் திரும்பிப் பாரார். மார்ச்சு 24இல் திருமணம் நடந்தது. அதற்குள் 'கேசினோ ராயல்' என்னும் முதல் நாவல் முடிந்துவிட்டது. கதைத்தலைவனுக்குப் பெயர் தேடியபோது, மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்று கையில் இருந்தது. ஜேம்ஸ் பாண்ட் என்பது அந்நூலை எழுதிய பறவை நூலறிஞரின் பெயர். அப்பெயரின் சாரமற்ற தன்மையே பிளெமிங்குக்குப் பிடித்திருந்தது. விந்தைகள் அவனைச் சுற்றி நிகழ வேண்டும். அவனோ அரசின் கையிலுள்ள கருவி போல் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நண்பர்களே, இந்த இடத்தைச் சற்றே நின்று நோக்க வேண்டும். இராமனுக்கும் கண்ணகிக்கும் உள்ளது போன்ற முழுமையான குணச்சித்திரம் பாண்டுக்குக் கொடுக்கப்படவில்லை. வெற்றுப் பாத்திரம் போல் அவன் விடப்பட்டான். பின்வந்தோர் தத்தம் காலத்து நீரை அதில் ஊற்றிக் கொள்ள முடிந்தது அதனாலேயே.

நூல் 1953 ஏப்ரலில் இலண்டனில் வெளிவந்தது. முதற்பதிப்பு ஐயாயிரம் படிகளுக்கும் குறைவே. அந்நாளில் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு முற்றும் நீங்கவில்லை. இறைச்சிக்கு 1954 வரை பங்கீட்டு அட்டை தேவைப்பட்டது. அந்நிலையில் வாழ்ந்த மக்களுக்குப் பாண்ட் உண்ணும் விருந்தும், அவன் தங்கும் விடுதியும், பறக்கும் விமானமும் பெருங்கனவாக இருந்தன. உலகெங்கும் பரந்த ஆட்சியை இழந்துகொண்டிருந்த நாட்டார்க்கு, உலகைக் காப்பவன் இன்னும் இலண்டனிலிருந்தே புறப்படுகிறான் என்னும் கதை ஆறுதல் தந்தது. 1956இல் சூயசுக் கால்வாய்ப் போரில் தோல்வியுற்று உடல்நலமும் குன்றிய பிரதமர் ஆன்டனி ஈடன் ஓய்வெடுக்கச் சென்றது எங்கே தெரியுமா? ஜமைக்காவிலுள்ள பிளெமிங்கின் அந்த வீட்டிற்கே சென்றார். சில வாரங்களில் அவர் பதவியும் போயிற்று. ஆண்டுதோறும் ஒரு நூலாகப் பாண்டோ வென்று கொண்டே இருந்தான்.

குறைகளும் மிகுதி. வெள்ளையர் அல்லாதாரை அந்நூல்கள் பல இடங்களில் தாழ்த்திப் பேசுகின்றன. பெண்களை அறிவும் மனமும் உடையவராகக் காட்டும் பக்கங்கள் சிலவே. அந்நாளிலேயே இங்கிலாந்துத் திறனாய்வாளர் சிலர் இவற்றைக் கடிந்து எழுதினர். காலம் அப்படி என்று சொல்லி இவற்றை நாம் ஒதுக்கிவிடுதல் தகாது. அந்தக் காலத்தில்தான் நம் மக்கள் விடுதலைக்குப் போராடினார்கள்.

ஆசிரியரே செய்த மாற்றங்கள்

தாம் எழுதியதே முடிந்த முடிபு என்று பிளெமிங் ஒருநாளும் இருந்தவர் அல்லர். துப்பாக்கிகளில் வல்லவரான ஜெப்ரி பூத்ராய்ட் என்னும் வாசகர், பாண்டின் கையிலுள்ள துப்பாக்கி அவன் தொழிலுக்குப் பொருந்தாது என்று 1956இல் கடிதம் எழுதினார். பிளெமிங் சினம் கொள்ளவில்லை. 1958இல் வெளிவந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டின் துப்பாக்கியை மாற்றினார். அதைக் கொடுக்கும் படைக்கல அலுவலருக்கு அந்த வாசகரின் பெயரையே சூட்டி நன்றியும் செலுத்தினார்.

தொடக்க நூல்களில் பாண்டின் பகைவர் பெரும்பாலும் சோவியத் நாட்டின் ஸ்மெர்ஷ் என்னும் கொலைத்துறையார். ஐம்பதுகளின் இறுதியில் இரு வல்லரசுகளுக்கும் இடையே இணக்கம் வரலாம் என்று தோன்றியது. இணக்கம் வந்துவிட்டால் கதையின் கதி என்னாவது? 1961இல் வந்த 'தண்டர்பால்' நாவலில் எந்த நாட்டையும் சாராத, பணத்திற்காக உலகை மிரட்டும் ஸ்பெக்டர் என்னும் கூட்டத்தைப் பகைவராக்கினார். 1962இல் 'தி ஸ்பை ஹூ லவ்டு மி' என்னும் நாவலை ஓர் இளம்பெண் தன் கதையைத் தானே சொல்வதுபோல் எழுதிப் பார்த்தார். வாசகர் ஏற்கவில்லை. அவரே அதனை வெறுத்து, படம் எடுப்போர் தலைப்பை மட்டும் கொள்ளலாம். கதையைத் தொடலாகாது என்று விதித்துவிட்டார்.

ஷான் கானரி என்னும் ஸ்காட்லாந்து நடிகர் பாண்ட் வேடத்திற்குத் தெரிவானபோது பிளெமிங் முதலில் முகம் சுளித்தார். மேட்டுக்குடி ஆங்கிலேயனாகத் தாம் எண்ணியவனுக்கு உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர் பொருந்துவாரா என்பது அவர் ஐயம். படத்தைக் கண்டபின் மனம் மாறினார். 1964இல் வந்த 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்' நாவலில் பாண்டின் தந்தை ஸ்காட்லாந்துக்காரர் என்று எழுதினார். திரையைப் பார்த்து ஏட்டைத் திருத்திக் கொண்ட ஆசிரியர் அவர்.

இறுதி ஆண்டுகள்

அமெரிக்கத் தலைவர் கென்னடிக்குப் பிடித்த பத்து நூல்களுள் பிளெமிங்கின் நாவல் ஒன்றும் உண்டு என்று 1961இல் லைப் இதழ் வெளியிட்டது. அமெரிக்காவில் விற்பனை உயர்ந்தது. அதே ஆண்டில் ஹாரி சால்ட்ஸ்மன், ஆல்பர்ட் பிராக்கலி என்னும் இருவர் இயான் புரொடக்ஷன்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிப் பாண்ட் கதைகளைப் படமாக்க முனைந்தனர். முதற்படமான 'டாக்டர் நோ' 1962 அக்டோபர் 5இல் இலண்டனில் திரையிடப்பட்டது. அதன் கதை நிகழும் ஜமைக்கா, அதற்கு இரண்டு திங்கள் முன்பே விடுதலை பெற்றுவிட்டது. நாவலில் டாக்டர் நோ சோவியத் நாட்டிற்காக உழைப்பவன். படத்தில் ஸ்பெக்டரைச் சேர்ந்தவன். இரு பக்கத்துக்கும் பொதுவான பகைவனே வணிகத்திற்கு நல்லது என்பதைத் தயாரிப்பாளர் உணர்ந்திருந்தனர்.

வெற்றியின் வாயிலில் நின்ற பிளெமிங்கின் வாழ்வோ சரிந்துகொண்டிருந்தது. 'தண்டர்பால்' நாவலின் கதை, கெவின் மெக்ளோரி, ஜாக் விட்டிங்காம் ஆகியோரோடு சேர்ந்து முன்னர்த் தீட்டிய திரைக்கதையிலிருந்து எடுக்கப்பட்டது. அவர்கள் பெயரைக் குறிப்பிடாமல் பிளெமிங் அதனை வெளியிட்டார். வழக்கு வந்தது. 1961 ஏப்ரலில் நெஞ்சு நோயும் வந்தது. படுக்கையில் இருந்தவாறே தம் ஒரே மகன் காஸ்பருக்காகப் பறக்கும் கார் பற்றிய சிறுவர் கதை ஒன்று எழுதினார். 1963 நவம்பரில் வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது. ஒன்பது நாளில் உடன்பாட்டில் முடிந்தது. அக்கதையின் திரைப்பட உரிமை மெக்ளோரியைச் சேர்ந்தது.

ஓயாத சிகரெட்டும் மதுவும் அவர் உடலை அரித்துவிட்டன. மருத்துவர் எச்சரித்தனர். பகைவரையும் துப்பாக்கியையும் குலத்தையும் தம் கதையில் எளிதாக மாற்றியவர், தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1964 ஆகஸ்டு 12ஆம் நாள் விடியற்காலையில் கான்டர்பரி நகரில் உயிர் நீத்தார். வயது 56. மகன் காஸ்பருக்கு அன்று பன்னிரண்டாம் பிறந்த நாள். அச்சிறுவர் கதை நூலாக வந்தது தந்தை மறைந்த பிறகே. அம்மகனும் 1975இல் இளமையிலேயே மறைந்தான். 'கோல்டுபிங்கர்' படம் பிளெமிங் மறைந்த அடுத்த திங்களில் வெளிவந்து உலகெங்கும் பெருவெற்றி பெற்றது. அதனைக் காண அவர் இல்லை.

அவருக்குப் பின்

ஆசிரியர் போனபின் ஒற்றனைக் காலத்திற்கேற்ப நடத்திச் செல்லும் பொறுப்பு படம் எடுப்போரைச் சேர்ந்தது. ஆசிரியர் காட்டிய வழியிலேயே அவர்கள் நடந்தனர். 1977இல் 'தி ஸ்பை ஹூ லவ்டு மி' என்னும் தலைப்பை மட்டும் எடுத்துக் கொண்டு புதுக்கதை புனைந்தனர். அதில் பாண்டும் சோவியத் உளவுப்பெண் ஒருத்தியும் கைகோத்துப் பொதுப்பகைவனை எதிர்ப்பர். வல்லரசுகளிடையே இறுக்கம் தளர்ந்திருந்த காலம் அது. விண்வெளிப் படங்களுக்கு மவுசு வந்ததும், 1979இல் 'மூன்ரேக்கர்' படத்தில் பாண்டை விண்ணுக்கே அனுப்பினர். 1983இல் 'ஆக்டோபஸி' படத்திற்காக உதயபுரிக்கு வந்தனர். சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் நடித்தார். ஆனால் அப்படம் காட்டிய இந்தியாவில் பாம்பாட்டியும் முட்படுக்கையும் இருந்தனவே தவிர, நம் கல்லூரிகளும் தொழிற்கூடங்களும் இல்லை. எல்லாம் மாறியும் நம்மைப் பற்றிய பார்வை மட்டும் அப்போது மாறவில்லை எனலாம். இதற்கு முன்பே தமிழ்த் திரை தன் பாண்டைத் தானே படைத்துக் கொண்டது. 1966இல் 'வல்லவன் ஒருவன்' போன்ற படங்களில் நடித்த ஜெய்சங்கரை நம் மக்கள் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்றே அழைத்தனர்.

பெருஞ்சோதனை 1989க்குப் பின் வந்தது. உரிமைத் தகராறுகளால் ஆறாண்டுக் காலம் படமே இல்லை. அதற்குள் பெர்லின் சுவர் இடிந்தது. 1991இல் சோவியத் ஒன்றியமும் மறைந்தது. பாண்டுக்கு இனி வேலை என்ன என்று பலர் கேட்டனர். 1995இல் வந்த படம் அக்கேள்வியைக் கதைக்குள்ளேயே வைத்தது. எம் வேடத்தில் ஜூடி டென்ச் என்னும் பெண்மணி அமர்ந்தார். பழங்காலத்தின் எச்சம் நீ என்று பொருள்பட அவர் பாண்டை முகத்துக்கு நேரே இடித்துரைப்பார். தன்மேல் உலகம் சாற்றும் குற்றத்தைத் தானே எடுத்துப் பேசிவிட்டால், அதன் கூர்மை பாதி குறைந்துவிடும் அன்றோ? அப்படத்திற்குச் சூட்டிய பெயர் 'கோல்டன் ஐ'; பிளெமிங்கின் ஜமைக்கா வீட்டின் பெயர். உண்மையான பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறைக்கு முதற் பெண் தலைவர் வந்தது 2025இல்தான். திரை முப்பது ஆண்டு முந்திக்கொண்டது.

2002இல் வந்த படத்தில் கண்ணுக்குப் புலனாகாத கார் வரையில் சென்றுவிட்டனர். முந்திய ஆண்டு அமெரிக்காவில் நடந்த செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பிறகு, அத்தகைய வேடிக்கையைத் தொடரத் தயாரிப்பாளருக்கே மனம் வரவில்லை. 2006இல் முதல் நாவலுக்கே திரும்பினர். டேனியல் கிரெய்க் நடித்த 'கேசினோ ராயல்' படத்தில் பாண்ட் அடிபடுகிறான், அழுகிறான், ஏமாறுகிறான். 2012இல் வந்த 'ஸ்கைபால்' படத்தில் பகைவன் கணிப்பொறி வழியே தாக்குகிறான். மெக்ளோரி வழக்கின் எச்சம் 2013இல்தான் முற்றும் தீர்ந்தது. 2015இல் ஸ்பெக்டர் கூட்டம் அப்பெயரோடு மீண்டும் வந்தது. 2021இல் வந்த 'நோ டைம் டு டை' படத்தில் 007 என்னும் எண் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வழங்கப்பட்டிருந்தது. பாண்ட் தன் மகளைக் காக்க உயிர் துறந்தான். அவன் திரையில் இறந்தது அதுவே முதன்முறை. 2025இல் பிராக்கலி குடும்பத்தார் கையிலிருந்து படைப்புரிமை அமேசான் நிறுவனத்தாரிடம் சென்றது.

மாறியதும் மாறாததும்

இத்தனை மாற்றங்களுக்கு இடையே மாறாமல் நின்றவை சிலவே. ஓர் எண், ஒரு பெயர், ஆணையிடும் ஒரு தலைவர், தனியாளாய்ப் போய் முடிக்க வேண்டிய ஒரு பணி. ஏனைய யாவும் காலத்தின் உடைமை. தொன்னூறுகளுக்குப் பின் பாண்ட் சிகரெட்டைக் கூட விட்டுவிட்டான். அவனைப் படைத்தவருக்கு அது இயலவில்லை.

ஆனால் திரைக்கு உள்ள வசதி ஏட்டுக்கு இல்லை. படம் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கப்படுவது. நூலோ எழுதியவர் எழுதியபடி நிற்பது. 2023இல் முதல் நாவலின் எழுபதாம் ஆண்டையொட்டி நூல்களைப் புதுப்பித்த உரிமையாளர், இனத்தைப் பழிக்கும் சொற்கள் சிலவற்றை நீக்கினர். பிளெமிங்கே ஒரு நாவலின் அமெரிக்கப் பதிப்பில் அத்தகைய மாற்றங்களுக்கு இசைந்தார் என்று காரணம் காட்டினர். வரலாற்றை மறைக்கலாகாது என்று ஒரு சாரார் எதிர்த்தனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. நம் கருத்து இது: புதுப்படைப்பில் பழம்பிழையைத் தொடர வேண்டுவதில்லை, பழைய ஏட்டில் உள்ள பிழையை அழிக்கவும் வேண்டுவதில்லை. ஏடு அன்றைய மனிதரின் சாட்சி. பம்பாய் மாலுமிகளைக் காட்பிரே எந்தக் கண்ணோடு பார்த்தார் என்பதை அறிய, அவர் உதவியாளர் எழுதிய வரிகள் அப்படியே நமக்கு வேண்டும். அவற்றைப் படித்துச் சினம் கொள்வதும் ஒரு கல்வியே.

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் பயிலும் நமக்கும் இவ்வினா புதிதன்று. நாள்தோறும் நாம் உடையை மாற்றுகின்றோம், உணவை மாற்றுகின்றோம், பேசும் மொழியையும் தெருவுக்குத் தெரு மாற்றுகின்றோம். அவ்வாறு மாறுவது பிழையன்று. மாறாதிருந்தால் ஒரு திங்கள் கூட இங்கே வாழ முடியாது. எதனை விட்டால் நாம் நாமாக இருக்க மாட்டோமோ, அந்தச் சிலவற்றை மட்டும் தெரிந்து வைத்திருத்தல் வேண்டும். அவை மிகச் சிலவாகவே இருக்கும். ஓர் ஒற்றனை நிலைநிறுத்த ஒரு பெயரும், ஓர் எண்ணும், ஒரு கடமையும் போதுமானவையாக இருந்தன. நம்மை நிலைநிறுத்த எவை போதும் என்பதை அவரவரே எண்ணித் துணிய வேண்டும்.